மஞ்சள் முடிச்சில் ஒரு யானைக்காசு

“கொஞ்ச நாளைக்குச் சும்மா இருங்க” என்றார் டாக்டர். பிறந்ததிலிருந்து எனக்குப் படியாத ஒரே வேலை அதுதான்.

பெரியாஸ்பத்திரியில் மாரடைப்புக்கு வைத்தியம் பார்த்து, அடைத்துக்கொண்ட குழாய்க்குள் ஒரு சின்னக் கம்பிச் சுருளை வைத்து, குண்டசாலை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். பாரம் தூக்கக் கூடாது, மேடு ஏறக் கூடாது, கோபப்படக் கூடாது, எதையும் போட்டு யோசிக்கக் கூடாது. கண்டியில் மேடு ஏறாமல் எங்கே போவது? யோசிக்காமல் இருக்க நான் என்ன மேசையா, கதிரையா? இதையெல்லாம் டாக்டரிடம் கேட்டுவிட வாய் துடித்தது. பக்கத்தில் மனைவி நின்றதால் விழுங்கிக்கொண்டேன்.

அனுப்புவதற்கு முன் எக்கோ என்று ஒரு சோதனை செய்தார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் நூற்றுக்கு எத்தனை வீதம் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று அது சொல்லுமாம். “நாப்பத்தஞ்சு” என்றார் டாக்டர், முகத்தைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொண்டு. எனக்கோ முகம் மலர்ந்துவிட்டது. பழைய காசு சேர்க்கிறவர்களுக்கு ஒன்றிலிருந்து எழுபது வரை ஓர் அளவுகோல் உண்டு. ஒன்று என்றால் எந்த நாட்டுக் காசு என்பதையே ஊகித்துத்தான் சொல்ல வேண்டும். எழுபது என்றால் அச்சிலிருந்து விழுந்த நொடியில் எப்படி இருந்ததோ அப்படியே இன்றும் இருக்கிறது. நாற்பத்தைந்து என்றால் சில கைகள் மாறியிருக்கிறது, மேடான இடங்களில் லேசாகத் தேய்ந்திருக்கிறது, ஆனாலும் தாராளமாக நாலு பேருக்குக் காட்டலாம். “நல்ல நம்பர்தான் டாக்டர்” என்றேன். அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

நான் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் கல்யாணம் முடித்து வெளிநாட்டில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும், என் அலுமாரியும். அலுமாரிக்குள் காசுகள். இந்தத் தீவில் புழங்கியவை மட்டும்தான்: ஒல்லாந்தர் காலத்துச் செப்புத் துட்டு, வெள்ளைக்காரன் அடித்த யானைக்காசு, பிறகு வந்த சதங்கள். பெரிய சேகரிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொன்றையும் எங்கே, யாரிடம், எவ்வளவு பேரம் பேசி வாங்கினேன் என்று கேட்டால் சொல்வேன். யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

காசைப் பிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் அதன் ஓரத்தில் மட்டும் பட வேண்டும். முகத்தில் விரல் படவே கூடாது. கை வியர்வை செம்பைத் தின்னும். இன்றைக்குப் பட்ட கைரேகை இன்றைக்குத் தெரியாது; சில மாதம் கழித்துப் பழுப்பாக எழுந்து வரும், பிறகு என்ன செய்தாலும் போகாது. தவறி விழுந்தாலும் அடிபடாமல் இருக்கக் கீழே ஒரு துவாயை மடித்து விரித்திருக்க வேண்டும். காசுக்கு மேலே குனிந்து பேசக் கூடாது, எச்சில் தெறிக்கும். கண்டியில் மாதம் ஒருமுறை காசுக்காரர்கள் கூடுவோம். அங்கே புதிதாக வந்த யாராவது காசை உள்ளங்கையில் வைத்தால் போதும், அறையின் மறுகோடியிலிருந்து “ஓரத்தப் பிடி! ஓரத்தப் பிடி!” என்று கத்துவேன். அதனால் எனக்கு அங்கே பட்டப்பெயரே ‘ஓரம்’. “ஓரம் வந்தாச்சா?” என்றுதான் கேட்பார்கள். சிங்கள நண்பர்களும் அப்படிக் கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

மனைவிக்கு இதெல்லாம் வேடிக்கை. அவள் சந்தையில் கத்தரிக்காய் வாங்குவதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் முழுக் கையால் அள்ளி, அமுக்கி, திருப்பி, காம்பைப் பார்த்து, விற்கிறவன் முகத்தையும் பார்த்த பிறகுதான் பைக்குள் போடுவாள். தொடாமல் ஒரு பொருளின் தரம் எப்படித் தெரியும் என்பது அவள் கட்சி. ஒரு தீபாவளிக்கு என்னை மகிழ்விப்பதாக நினைத்து, என் அரைச்சதக் காசுகளை எல்லாம் பித்தளை மினுக்கும் மருந்து போட்டுத் தேய்த்து, பளபளவென்று தட்டில் அடுக்கி வைத்திருந்தாள். பழைய காசுக்கு அதன் பழைய தோல்தான் மதிப்பு. தேய்த்து மினுக்கிய காசுக்கு அளவுகோலில் இடமே இல்லை. நான் பலகாரத்தைத் தொடாமல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஏனென்றே விளங்கவில்லை. அன்றிலிருந்து அலுமாரிச் சாவி என் இடுப்பில்தான்.

என்னிடம் இருந்தவற்றில் ஒன்றுதான் உண்மையிலேயே உயர்ந்தது. ஆயிரத்து எண்ணூற்றுப் பதினைந்தாம் ஆண்டு போட்ட செப்பு ஸ்டைவர். கண்டி ராச்சியம் வெள்ளைக்காரன் கைக்குப் போன அதே ஆண்டு. ஒரு பக்கம் அவனுடைய ராஜாவின் தலை, மறுபக்கம் யானை. இந்த வகைக் காசு அபூர்வமில்லை. வாவிக் கரையில் தெரு வியாபாரிகள் சுற்றுலாக்காரர்களிடம் சேட்டுப் பையிலிருந்து எடுத்து நீட்டுகிறார்களே, அவற்றில்கூட போலிகளுக்கு நடுவே எப்போதாவது ஒரு அசல் இருக்கும். ஆனால் அவை தேய்ந்தவை. யானைக்குக் காது இருக்காது, ராஜாவுக்கு மூக்கு இருக்காது. என்னுடையதில் ராஜாவின் தலைமுடிச் சுருள் ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்கும். யானையின் கால்களுக்கு இடையிலும் எழுத்துகளைச் சுற்றியும் புதுச் செம்பின் சிவப்பு இன்னும் அணையாமல் இருக்கும். அந்தச் சிவப்புக்குத்தான் விலை. கம்பளையில் நகைக்கடையோடு பழைய காசும் விற்கும் ஒரு முஸ்லிம் நானாவிடம் வாங்கியது. தர மாட்டேன், தர மாட்டேன் என்று பல தடவை திருப்பி அனுப்பிய பிறகுதான் தந்தார்.

வெளிநாட்டில் காசுக்குத் தரம் போடுவதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. அனுப்பியவன் யார் என்று பார்க்காமல், லென்ஸ் வைத்துக் காசை மட்டும் பார்த்து, ஓர் எண் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். சில காசுகளில் ஓர் எண் கூடினால் விலை இரட்டிப்பாகும். தேய்த்தது, கறை பட்டது, சுரண்டியது என்றால் எண்ணே கிடையாது. குறையுள்ளது என்று எழுதிவிடுவார்கள். கொழும்பில் ஒரு முகவர் எல்லாருடைய காசையும் சேர்த்து எப்போதாவது ஒரு தடவை அனுப்புவார். என் யானை அறுபத்துநான்கு வாங்கும் என்று நான் சொல்லிவந்தேன். கூட்டத்தில் ஒருவர் ஐம்பத்தெட்டுக்கு மேல் ஒரு புள்ளியும் தர மாட்டேன் என்றார். இன்னொருவர் எனக்குக் கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்றார். விலை எனக்கு முக்கியமில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை, அதனால் சொல்லவில்லை. ஆனால் விலையைவிடவும், என் கண் சரிதானா என்பதை என்னைத் தெரியாத ஒருவன் வாயால் கேட்க வேண்டும் என்ற அரிப்பு எனக்குப் பல வருடமாக இருந்தது.

கடைசியில் அனுப்புவதென்று முடிவு செய்தேன். அன்று மாலை மேசை விளக்கின் கீழே துவாயை விரித்து, உறையிலிருந்து யானையை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தைப் பிடித்துத்தான். வெளியே மழை. நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அமுக்குவது போல இருந்தது. பிறகு துண்டு துண்டாகத்தான் நினைவு: முச்சக்கரவண்டியின் பக்கத்திரை படபடத்தது, வாவிக் கரையில் வாகன நெரிசல், மனைவி மழையில் தலையை வெளியே நீட்டி யாரையோ சிங்களத்தில் ஏசியது. அவள் அப்படி ஏசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதல் வேலையாக மேசையைப் பார்த்தேன். உறை இருந்தது. காசு இல்லை.

“அந்தக் காசு எங்க?”

“எந்தக் காசு?”

“யானை.”

“அதா? முடிஞ்சி வச்சிருக்கேன்” என்றாள், அரிசி களைந்து வைத்திருக்கிறேன் என்பது போல.

சாமித் தட்டில் முருகன் படத்துக்கு முன்னால் இருந்தது அது. நெல்லிக்காய் அளவில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. எங்கள் ஆட்களிடம் இது வழக்கம். வீட்டில் யாருக்காவது உயிராபத்து என்றால், வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, அதில் ஒரு காசை முடிந்து, இன்ன கோயிலில் கொண்டுவந்து போடுகிறேன் என்று வேண்டிக்கொள்வார்கள். நேர்த்தி நிறைவேறும் வரை முடிச்சை அவிழ்க்கக் கூடாது, காசைச் செலவழிக்கக் கூடாது. எந்தக் காசாக இருந்தாலும் சரி. ஒரு ரூபாய் போதும். வெறும் ஒரு ரூபாய்!

“மஞ்சத் தண்ணியில நனச்சியா?” என்று கேட்டேன்.

“நனைக்காம எப்பிடி முடியிறது?”

“நல்லா நனச்சியா?”

“பிழிஞ்சிட்டுத்தான் முடிஞ்சேன். இப்ப என்னா வேணும் ஒங்களுக்கு?”

நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அந்த நேரத்தில் அப்படிச் செய்தால் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குத்தான் ஏற்றுவாள் என்று கையை மடியில் வைத்துக்கொண்டேன். செம்பு, ஈரம், மஞ்சள். மூன்றும் ஒரு பொட்டலத்துக்குள். மேசையில் தன்பாட்டுக்குக் கிடந்த காசை, இருக்கிற காசுகளிலேயே உயர்ந்த காசை, அவசரத்தில் கைக்குக் கிடைத்தது என்று அள்ளி முடிந்துவைத்திருக்கிறாள். அரைச்சதத்தைத் தேய்த்த அதே கை.

“அத அவுத்திட்டு வேற காச முடி” என்றேன், முடிந்தவரை மெதுவாக.

அவள் கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். “மலக்கோயில் படியில நீங்களே ஏறி வந்து, ஒங்க கையாலயே உண்டியல்ல போடுவீங்கன்னு வேண்டியிருக்கேன். அது வரைக்கும் அந்த முடிச்சுல யாரும் கை வைக்கப்படாது. நீங்களுந்தான்.”

மலைக்கோயில் என்று நாங்கள் சொல்வது ஊருக்கு வெளியே ஒரு குன்றின் மேல் இருக்கும் முருகன் கோயில். ரோட்டிலிருந்து படி ஏறித்தான் போக வேண்டும். டாக்டரோ மேடே கூடாது என்கிறார். ஆக, நான் தேறி எழும் வரை என் யானை அந்த ஈரத் துணிக்குள்தான்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முன்னறையில் எனக்கென்று போட்ட கதிரையைச் சாமித் தட்டு தெரிகிற மாதிரித் திருப்பிப் போட்டுக்கொண்டேன். நோய் வந்து பக்தி கூடிவிட்டது என்று பார்க்க வந்தவர்கள் நினைத்தார்கள். பேப்பரை எடுப்பேன், வைப்பேன். ரேடியோவைப் போடுவேன், நிறுத்துவேன். எழுந்து போய் முடிச்சைப் பார்ப்பேன். முதல் வாரம் ஓரத்தில் பழுப்பு ஏறும், அப்புறம் சிவப்பு அணையும், மழைக்காலமென்றால் பச்சை பூக்கும். கண்ணை மூடினால் யானையின் கால்களுக்கு இடையில் இருந்த அந்தச் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை வந்தால் இன்னும் மோசம். குளித்துவிட்டு வந்து, விளக்கேற்றி, முடிச்சுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, தீர்த்தமும் தெளிப்பாள்.

“கொஞ்சமாத் தெளி” என்று சொல்லிப் பார்த்தேன்.

“சாமிக்கு அளந்தா தெளிக்கிறது?” என்று இன்னும் ஒரு கை அள்ளித் தெளித்தாள்.

கொழும்பு முகவருக்குப் போன் எடுத்தேன். இந்தத் தடவைப் பொதி போய்விட்டது, அடுத்தது எப்போதென்று தெரியாது என்றார். காசுக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போன பொதியின் முடிவுகள் வர ஆரம்பித்தன. பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்த காசுகளின் படமும் எண்ணும். என் யானைக்கு ஐம்பத்தெட்டுதான் என்று சொன்ன மனிதரின் சதக்காசு ஒன்றுக்கு அறுபத்துமூன்று வந்திருந்தது. எல்லாரும் கைதட்டும் படம் போட்டார்கள். நானும் போட்டேன். போட்டுவிட்டுப் போனைக் கட்டிலில் எறிந்தேன்.

ஒரு நாள் மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். சாமித் தட்டுக்கு முன்னால் போய் நின்றேன். முடிச்சைக் கையில் எடுத்தேன். மஞ்சளும் சந்தனமும் கலந்த வாசம். துணிக்கு மேலாகவே காசின் வட்டம் விரலுக்குத் தெரிந்தது. இரண்டு நிமிட வேலை. யானையை எடுத்துவிட்டு ஒரு பத்து ரூபாய்க் காசை வைத்துக் கட்டிவிடலாம். விரல் முடிச்சுக்குப் போய்விட்டது. ஆனால் பயமாக இருந்தது. எனக்குப் பெரிய பக்தி ஒன்றுமில்லை. கோயிலுக்குப் போனால் உண்டியலில் விழுகிற காசுகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன். ஆனாலும் என் உயிருக்காகப் போட்ட முடிச்சை நானே அவிழ்த்தால் உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் சும்மா இருக்குமா என்று தோன்றிவிட்டது. இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் கதிரையில் வந்து விழுந்தேன்.

அன்றுதான் வழி புரிந்தது. படி ஏறினால் முடிச்சு அவிழும். படி ஏறுவதற்கு நடந்து பழக வேண்டும். நடக்கத் தொடங்கினேன். முதலில் கேட் வரை, பிறகு சந்திக் கடை வரை, பிறகு கடையைத் தாண்டி ரோடு மேடாகும் இடம் வரை. மூச்சு வாங்கும். நின்றால் யானை நினைவுக்கு வரும், மறுபடி நடப்பேன். கிளினிக்கில் டாக்டர் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, “யாராவது தொரத்துறாங்களா ஒங்கள?” என்றார்.

நடக்கும்போது ஒரு நாள், அன்றைக்கு எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன முச்சக்கரவண்டிக்காரர் வழியில் நிறுத்தினார். பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசுவார். “ஐயா நடக்குறத பாக்க சந்தோசம். அன்னிக்கி சரியான பயம். கை அப்பிடியே கல்லு மாதிரி, தொறக்கவே இல்ல” என்றார். இதயம் அடைத்தால் நரம்பு அப்படித்தான் இழுக்குமோ என்று நினைத்துக்கொண்டு, அவருக்கு நன்றி சொல்லிவிட்டு நடந்தேன்.

கொஞ்சம் தெம்பு வந்ததும், மனைவியிடம் காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லி, கண்டியில் ரயில் ஏறி, பேராதனைச் சந்தி தாண்டிக் கம்பளைக்குப் போனேன். நானா கடையில் நகைப்பெட்டிக்குப் பின்னால் இருந்தார்.

“வாங்க ஐயா, வாங்க. ஆஸ்பத்திரில இரிந்ததா கேள்விப்பட்டேன். இப்ப சொகமா?”

“எனக்குச் சுகம் நானா. காசுக்குத்தான் சுகமில்ல.”

விஷயத்தைச் சொன்னேன். யானையை மஞ்சளில் முடிந்ததைச் சொன்னபோது, அவர் தன் பிள்ளைக்கு அடிபட்ட மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார்.

“அப்ப ஒங்கட அறுவத்திநாலு போயிட்டு.”

“இப்ப எடுத்தாலும் அறுபதாவது தேறும் நானா. எடுக்க ஏலாது. அதுதான் பிரச்சின.”

“நேர்ச்ச காசுல கை வெக்காதீங்க ஐயா. எங்கட ஆக்களும் புள்ளைக்கிக் காய்ச்சல் கடுமைன்டா நேர்ச்ச வெச்சி சல்லிய சீலத்துண்டுல முடியிறதானே.”

“மாத்தி வேற காசு போடலாமா?”

“அத என்னட்ட கேட்டா? ஒங்கட சாமிட்ட கேளுங்க. இல்லாட்டி ஊட்டுல இரிக்கிறவங்கட்ட கேளுங்க. சாமிட்ட கேக்கிறது லேசு.”

ஆனாலும் அவர் வியாபாரி. எழுந்து உள்ளே போய், ஒரு தகரப் பெட்டியைக் கிளறி, இன்னொரு யானைக்காசைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அதே ஆண்டு, அதே ஸ்டைவர். வழவழவென்று தேய்ந்திருந்தது. ராஜாவுக்கு முகமே இல்லை. யானைக்கு உடம்பின் கோடு மட்டும் மிச்சம். பத்துக்கு மேல் ஒரு எண்ணும் தேறாது.

“அதே காசுதானே. யானைக்குப் பதிலா யானை. சாமிக்குக் கொறையில்ல, ஒங்களுக்கும் கொறையில்ல. கொண்டு போங்க, சல்லி வேணாம்” என்றார்.

திரும்பி வரும் ரயிலில், சேட்டுப் பையில் அந்தத் தேய்ந்த யானையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். பல வாரங்களுக்குப் பிறகு அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்த எக்கோவில் ஐம்பது என்றார்கள். எனக்கு நம்ப முடியவில்லை. காசு ஒருமுறை தேய்ந்தால் அதன் எண் கூடவே கூடாது. கைகள் மாற மாறக் குறையும், அவ்வளவுதான். இதயம் தேய்ந்த பிறகும் மேலே போகிறது. “படி ஏறலாமா?” என்றேன். “நின்னு நின்னு ஏறலாம். ஓடக் கூடாது” என்றார் டாக்டர். என்னை நன்றாகப் படித்துவைத்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அதே முச்சக்கரவண்டியில் மலைக்கோயிலுக்குப் போனோம். மனைவி முடிச்சைத் தன் கைப்பையில் வைத்திருந்தாள். தேய்ந்த யானை என் சேட்டுப் பையில் இருந்தது. படிக்கட்டில் அவள் எனக்கு ஒரு படி பின்னால் வந்தாள், விழுந்தால் பிடிப்பதற்காக. நான் விழுந்தால் அவளையும் சேர்த்துத்தான் உருட்டுவேன் என்பதை அவள் யோசிக்கவில்லை. நின்றேன், ஏறினேன், நின்றேன். மூச்சு வாங்கினாலும் மனம் முழுக்கத் திட்டம்தான்: உண்டியலுக்கு முன்னால் முடிச்சை அவிழ்க்க வேண்டும், யானையை ஓரத்தைப் பிடித்து எடுத்து, கொண்டுவந்த பஞ்சுத்தாளில் சுற்றிக்கொள்ள வேண்டும், தேய்ந்ததை முடிந்து போட வேண்டும். அறுபது தேறுமா, ஐம்பத்தைந்தா, என்ன கறை இருக்கும், எந்தப் பக்கத்தில்?

மேலே போய்ச் சாமி கும்பிட்டோம். அவள் கைப்பையைத் திறந்து முடிச்சை எடுத்து என் கையில் தந்தாள். நான் மற்றக் கையால் தேய்ந்த யானையை எடுத்துக் காட்டினேன்.

“இங்க பாரு. இதுவும் யானைதான். அதே வருசக் காசு. இத முடிஞ்சி போடுவோம். அத நான் வச்சிக்கிறேன். நேர்த்திக்கு ஒரு கொறையும் வராது” என்றேன். பக்கத்தில் அர்ச்சனைக்கு நின்ற ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது.

அவள் ஏசவில்லை. ஏசுவாள் என்று தயாராக இருந்தேன்.

“இத மேசையில இருந்து எடுத்தேன்னா நெனச்சிக்கிட்டிருக்கீங்க?” என்றாள்.

“பின்ன?”

“நீங்க சாயிறப்ப ஒங்க கையிலதான் இருந்திச்சி. த்ரீவீல்ல ஏத்துறப்பவும் இருந்திச்சி. குண்டசாலையில இருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் ஒங்க கையப் பிடிக்கப் பாத்தேன். பிரிக்கவே முடியல. அங்க நர்சுமார் ரெண்டு பேரு ஒவ்வொரு வெரலா பிரிச்சாங்க. உள்ள இந்தக் காசு. உள்ளங்கையில யானை அப்பிடியே பதிஞ்சிருந்திச்சி.”

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“உசுரு போற நேரத்துல என்னயப் பிடிக்கல நீங்க. இதத்தான் பிடிச்சிருந்தீங்க. சரி, இவரு உசுரு இதுலதான் இருக்கு போலன்னு நெனச்சேன். அதான் இத முடிஞ்சேன். வேற காசா எனக்குக் கெடைக்காது? பேர்சு நெறயச் சில்லறை கெடந்திச்சி.”

நான் முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை மாதமும் மஞ்சளைத் திட்டினேன், ஈரத்தைத் திட்டினேன், அரைச்சதத்தைத் தேய்த்த கையைத் திட்டினேன். ஊரெல்லாம் ஓரத்தைப் பிடி என்று கத்திய நான்தான், குண்டசாலையிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தக் காசை வியர்வையில் போட்டுப் பிசைந்திருக்கிறேன். அறுபத்துநான்கு என் கைக்குள்ளேயே போய்விட்டது. மஞ்சள் அதற்குப் பிறகு வந்தது. வெட்கமாக இருந்தது. மழையில் நனைந்துகொண்டு என் மூடிய கையைத் திறக்கப் பார்த்த அவளை நினைத்ததும், தேய்ந்த யானையை நீட்டிக்கொண்டிருந்த கையைக் கீழே இறக்கினேன்.

“அவுத்துப் பாக்கிறதுன்னா பாருங்க” என்றாள். “ஏறி வந்தாச்சி. இனி அவுக்கலாம்.”

பார்க்கவில்லை. என் வாழ்நாளில் கைக்கு வந்து, திருப்பிப் பார்க்காமல் விட்ட ஒரே காசு அதுதான். அப்படியே முடிச்சோடு உண்டியல் வாய்க்குள் தள்ளினேன். துணியோடு விழுந்ததால் சத்தம் வரவில்லை.

அவள் என் மற்றக் கையிலிருந்த தேய்ந்த யானையை வாங்கி, உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் அதன் முகத்தைத் தடவிப் பார்த்தாள். “இது நல்லாத்தானே இருக்கு, வழவழன்னு” என்று சொல்லித் தன் பேர்சுக்குள் போட்டுக்கொண்டாள். ஓரத்தைப் பிடி என்று நான் சொல்லவில்லை.

படி இறங்கி வந்து வண்டியில் ஏறினோம். வாவிக் கரையில் வழக்கம் போல வாகனங்கள் நகராமல் நின்றன. அன்றைக்கு இதே இடத்தில்தான் அவள் தலையை வெளியே நீட்டி ஏசியிருப்பாள். என்ன சொல்வதென்று தெரியாமல் அவள் கையை எடுத்தேன். கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும், பக்கவாட்டில். எனக்குப் பழகிய பிடி அதுதான்.

அவள் குனிந்து பார்த்தாள்.

“காசு பிடிக்கிற மாதிரி ஓரத்துல பிடிக்காதீங்க” என்றாள். “நல்லாப் பிடிங்க.”